கதவு எண் 4/117

கருப்பண்ணன் சேலத்தில் உள்ள எங்கள் வீடற்றோர் காப்பகத்துக்கு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். பேருந்து நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்த பிறகு, அங்கே படுத்திருந்தவர்களை எழுப்பி எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பளபளக்கும் கல் தரை போட்டிருந்தார்கள். யாரும் நீட்டிப் படுக்க முடியாதபடி இருக்கைகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைத்திருந்தார்கள். பயணச்சீட்டு இல்லாதவர்கள் உட்காரக் கூடாது, உறங்கக் கூடாது, அனுமதியின்றி உணவு வழங்கக் கூடாது என்று நீல நிறத்தில் ஒரு பலகை. அந்தப் பலகைக்கு அடியில் படுத்திருந்தவர்தான் கருப்பண்ணன். வயது அறுபத்தேழு. இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. கையில் ஒரு துணிப்பையும் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பியும் இருந்தன.

கம்பியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றேன். பகல் நேரப் பொறுப்பாளர் நான். ஆட்களைப் பதிவு செய்வதும் பொருட்களை வாங்கி வைப்பதும் என் வேலை.

"இது யாரையும் அடிக்கறதுக்கு இல்லைங்க அம்மிணி. டயர் தட்டிப் பாக்கற கம்பி. முப்பத்தெட்டு வருசமா எங்கூடவே கெடக்குது."

"பத்திரமா இருக்கும்ங்க. போறப்ப வாங்கிக்கலாம்."

அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு பதிவேட்டைத் திறந்தேன். பெயர், வயது, தந்தை பெயர். அடுத்தது நிரந்தர முகவரி.

அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். சிலர் அழுவார்கள். கருப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எழுதுங்க. கேர் ஆப் சின்னண்ணன். கதவு எண் நாலு பார் நூத்திப் பதினேழு. ஜேடர்பாளையம் மெயின் ரோடு. நாமக்கல் மாவட்டம்."

எழுதினேன். அப்படி ஒரு முழு முகவரி கிடைத்ததில் எனக்கும் ஒரு திருப்தி. அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒன்பதாம் எண் கட்டில் கிடைத்தது. ஜன்னலை ஒட்டியது. முதல் வாரம் அவர் அதில் படுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார். ஏன் என்று கேட்டபோது, மேலே ஏதாவது இருந்தால்தான் தூக்கம் வரும் என்றார். லாரிக்கு அடியிலேயே படுத்துப் பழகியவர்.

அவர் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பிறந்தது வெண்ணந்தூருக்குப் பக்கத்தில். பதினான்கு வயதில் சின்னண்ணன் என்பவரின் லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு அதே லாரிக்கு டிரைவர். நாக்பூர், ராய்ப்பூர், கட்டாக் என்று போவார், மாதத்தில் நான்கு நாள் திரும்பி வந்து முதலாளி வீட்டுக்குப் பின்னால் இருந்த லாரி ஷெட்டில் தங்குவார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்களாம். பெண் வீட்டார் வந்த இரண்டு முறையும் அவர் வண்டியோடு வடநாட்டில் இருந்தார். மூன்றாவது முறை யாரும் வரவில்லை.

லைசென்ஸ் எடுக்கப் போனபோது முகவரி கேட்டார்கள். பெற்றோர் இருந்த குடிசை அதற்குள் விழுந்துவிட்டது. முதலாளி சின்னண்ணனே தாளை வாங்கித் தன் வீட்டுக் கதவு எண்ணை எழுதிக் கொடுத்தார். லாரித் தொழிலில் இது சாதாரணம். ஓட்டுகிறவனுக்கு முதலாளி வீடுதான் விலாசம். அதன்பிறகு வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாமே அந்தக் கதவு எண்ணில் வந்தன.

பெரியவர் சின்னண்ணன் இறந்த பிறகு அவர் மகன் தனசேகர் லாரிகளை விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை போட்டார். ஷெட்டை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டினார். யாரும் கருப்பண்ணனைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவரே புறப்பட்டு வந்துவிட்டார்.

காப்பகத்தில் அவர் ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். விடிந்ததும் இரண்டு கூடங்களின் வாசலிலும் போய் நிற்பார். ஆண்கள் கூடத்தில் ஒவ்வொரு கட்டிலாக நடந்து, விரல் முட்டியால் கட்டில் காலைத் தட்டுவார். வண்டியை எடுக்கும் முன் ஆயில், தண்ணீர், காற்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று பெரியவர் சின்னண்ணன் பழக்கியிருந்தார். இங்கே அவர் பார்த்தது படுத்திருப்பவரின் மூச்சு, தலைமாட்டில் தண்ணீர் பாட்டில், காலில் போர்வை.

பக்கத்துக் கட்டில் ஆண்டி பழைய டீ மாஸ்டர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர்.

"லாரிக்காரரே, என்ற டயர்ல காத்து இருக்குதுங்களா?"

"உனக்கு ஸ்டெப்னியே இல்லியே ஆண்டி. காத்து இருந்து என்ன பண்றது?"

"அப்ப வழியில நின்னா நீங்கதான் கட்டி இழுக்கோணும்."

"உன்னைய இழுக்கறதுக்கு டீசல் கட்டுபடியாகாது. தூங்கு சாமி."

புரட்டாசியில் ஒருநாள் கட்டில் காலைத் தட்டியதற்கு ஆண்டியிடமிருந்து பதில் வரவில்லை. கருப்பண்ணன் குனிந்து பார்த்துவிட்டு இரவுப் பொறுப்பாளரிடம் ஓடினாராம். சர்க்கரை இறங்கிப்போய் மயங்கிக் கிடந்தார் ஆண்டி. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்த அன்று ஆண்டி கேலி எதுவும் பேசவில்லை. தன் பங்கு வடையைக் கருப்பண்ணன் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பேருந்து நிலையத்தில் சோறு கொடுக்கக் கூடாது என்று ஆனபின் பிறந்தநாள், நினைவுநாள் கொண்டாடுகிறவர்கள் எங்களிடம் வந்தார்கள். ஒரு குடும்பம் கேக் கொண்டுவந்து எல்லோரையும் வாழ்த்துப் பாடச் சொன்னது. கருப்பண்ணன் கைதட்டிப் பாடினார். படம் எடுக்கும்போது மட்டும் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஏனுங்க, வாங்க முன்னால," என்றேன்.

"வேண்டாங்க அம்மிணி. நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் போன்ல பாத்துட்டா, மொதலாளி ஊட்டுக்குத்தான் தலைகுனிவு. அவங்க ஆளு தட்டேந்தி நிக்கறான்னு பேச்சு வந்துரும்."

நான் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று பிறகு புரிந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் சுற்றறிக்கை வந்தது. கொண்டுவந்தவர் திட்ட ஒருங்கிணைப்பாளர் பிரபாகர். கெட்டவர் அல்ல. மழைக்காலம் வருகிறது, ஐம்பது கட்டில்தான் இருக்கிறது, வெளியே இருநூறு பேர் கிடக்கிறார்கள் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் முகவரி உள்ளவர்களை மாத இறுதிக்குள் குடும்பத்துடன் சேர்த்துவைக்க வேண்டும். கட்டில், முகவரி இல்லாதவர்களுக்கு மட்டும். காலை உணவும் கட்டில் எண்ணுக்குத்தான். பிரபாகர் பதிவேட்டைப் புரட்டிப் பதினோரு பெயர்களைக் குறித்தார். ஒன்பதாம் கட்டில் அதில் ஒன்று.

"சார், அது அவர் வேலை பார்த்த வீடு. அவருக்கு அங்கே யாரும் இல்லை."

"ஆதார்ல இருக்குதுங்களே. கேர் ஆப் போட்டிருக்குது. ஆடிட்ல நான் என்ன சொல்றது?" பதிவேட்டை மூடினார். "ஒண்ணு பண்ணுங்க. இவர் இங்க குடியிருக்கலைன்னு அந்த ஊட்டுக்காரர் ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதை வெச்சு நான் கட்டிலை அவருக்கே விட்டு வெக்கறேன். முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள."

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். நான்கே வரி. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். கருப்பண்ணனிடம் படித்துக் காட்டினேன். 'மேற்படி நபர் எங்கள் வீட்டில் வசிக்கவில்லை. அவருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை.' இரண்டாவது வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரிங்க அம்மிணி. போலாம். ஆனா நாந்தான் கேப்பேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நாமக்கல் போய், அங்கிருந்து ஜேடர்பாளையம் வண்டி பிடித்தோம். வெள்ளைச் சட்டையை ஆண்டியிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்தார். முகச்சவரம் செய்திருந்தார். வழியெல்லாம் எந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தது, எந்த டீக்கடையில் பால் கெட்டியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். காவிரித் தடுப்பணைக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கினோம்.

வீடு இரண்டு மாடி. கதவு எண் 4/117 கிரானைட்டில் பொறித்து, நிலைக்குப் பக்கத்தில் பதித்திருந்தது. கருப்பண்ணன் முன்வாசலுக்குப் போகவில்லை. பக்கவாட்டுச் சந்தில் நடந்து கார் ஷெட் அருகே நின்று கூப்பிட்டார்.

"சின்ன மொதலாளிங்க…"

தனசேகர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை.

"ஏப்பா கருப்பண்ணா! எங்கப்பா போயிட்டே? ரண்டு வருசமா ஆளையே காணோம். இங்க வா புள்ளே, யாரு வந்திருக்கறதுன்னு பாரு."

அவர் மனைவி வந்து எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கருப்பண்ணன் படியில் உட்கார்ந்தார்.

"இப்ப எங்கப்பா இருக்கறே?"

நான் பையைத் திறந்து கடிதத்தைத் தொட்டுக்கொண்டேன். கருப்பண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"சேலத்துலீங்க. ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி குடோன்ல வாச்மேன் வேலைங்க. குவார்ட்டர்ஸ் குடுத்திருக்கறாங்க. சாப்பாடும் அங்கியே. இந்த அம்மிணிதானுங்க ஆபீஸ் மேனேஜர். நம்ம ஊட்டப் பாக்கோணும்னாங்க. சும்மா கூட்டியாந்தேன்."

"அப்படியா! நல்லதாப் போச்சு. அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு." தனசேகர் என் பக்கம் திரும்பினார். "நல்ல ஆளுங்க. ஒரு நாள் ஒரு லிட்டர் டீசல் தப்புப் பண்ணுனதில்ல. பத்தரமாப் பாத்துக்குங்க."

"சரிங்க," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. வாய் திறக்க வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். பொய்க்குத் தலையாட்டச் சொல்லவில்லை.

தனசேகரின் மனைவி வாழை இலையில் சோறும் பருப்பும் கொண்டுவந்து ஷெட் ஓரமாக வைத்தார். கருப்பண்ணன் சாப்பிட்டு, இலையைத் தானே எடுத்துப் போட்டு, கைகழுவிவிட்டு வந்து காரைச் சுற்றி நடந்தார். பின்பக்க டயரை விரல் முட்டியால் தட்டினார்.

"எடது பக்கம் காத்துக் கம்மியா இருக்குதுங்க சாமி. வெளியூர் எடுக்கறதுக்கு முந்திப் புடிச்சுருங்க."

"பாருங்க, இன்னும் அந்தப் புத்தி மாறலை," என்று தனசேகர் சிரித்தார். கிளம்பும்போது ஒரு பை நிறைய முட்டை கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் ராசிபுரம் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"கோவமுங்களா அம்மிணி?"

"ஏனுங்க கேக்கல? ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே? அவர் போட்டிருப்பார்."

"போட்டிருப்பாருங்க. அதான் பயம்."

எனக்கு விளங்கவில்லை. முட்டைப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அவங்களுக்கும் ஒறவு இல்லைன்னு அவரு கையால எழுதிட்டா, அப்புறம் நான் யாருங்க? கட்டுலு கெடைக்கும். அதுல படுத்துக்கிட்டு என்ன நெனைச்சுத் தூங்கறது? அதுவும் போக, நான் ரோட்டுல கெடக்கறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படும். கூப்புட்டு ஊட்டுல வெச்சுக்கவும் முடியாது, வேண்டாம்னு சொல்லவும் முடியாது. எதுக்குங்க அந்தப் புள்ளைய அப்படி நிறுத்தோணும்?"

"அப்போ நீங்க எங்க போவீங்க?"

"ரோடு தெரியாத டிரைவருங்களா நானு?" என்றார்.

பிரபாகரிடம் இன்னொரு முறை கேட்டேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க முடியுமா என்று பார்த்தேன். வீட்டுக்காரரை விசாரித்துத்தான் தருவோம் என்றார்கள். விசாரித்தால் கருப்பண்ணன் பொய் சொன்னது தனசேகருக்குத் தெரிந்துவிடும். அதைச் செய்ய வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தனசேகருக்கு நானே போன் செய்து சொல்லியிருக்கலாம். அன்று அவர் கொடுத்த எண் என்னிடம் இருந்தது. அதையும் செய்யவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி நான் வேலைக்கு வருவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். போர்வையை மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். போகும் முன் எல்லாக் கட்டில் காலையும் தட்டிவிட்டுத்தான் போனாராம். ஆண்டி சொன்னார். அலுவலகம் பூட்டியிருந்ததால் இரும்புக் கம்பி அலமாரியிலேயே இருந்தது. பதிவேட்டில் 'வெளியேறிய காரணம்' என்ற கட்டத்தில், பிரபாகர் சொன்னபடி, 'குடும்பத்துடன் சேர்த்துவைக்கப்பட்டார்' என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் அடுத்தவருக்குக் கட்டில் ஒதுக்க முடியும்.

அவர் எங்கும் தொலைவாகப் போகவில்லை. பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் வீசும் பயணச்சீட்டில் ஒன்றைப் பொறுக்கிக் கையில் பிடித்தபடி இருக்கையில் உட்கார்ந்திருப்பார். காவலாளி அன்பு அவரை எழுப்பியதை ஒருநாள் காலை நானே பார்த்தேன்.

"பெருசு, எந்த வண்டிக்கு உக்காந்திருக்கறே?"

"ஜேடர்பாளையம் வண்டிக்குத் தம்பி."

"இங்கிருந்து ஏது ஜேடர்பாளையம் வண்டி? நாமக்கல் வண்டியே மூணு போயிருச்சு."

"அடுத்த வண்டிக்குப் போறேன். என்ன அவசரம்?"

"நேத்தும் இதைத்தான் சொன்னே. கேமராவுல பாத்துட்டு என்னையத்தான் திட்டறாங்க. எந்திரி சாமி, எந்திரி."

அன்பு அவரைத் தள்ளவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினார். நான் கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். கம்பியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"உங்ககிட்டியே இருக்கட்டுங்க. ரோட்டுல வெச்சிருந்தா போலீசு கேப்பாங்க."

ஆண்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். காலையில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். யாரும் பார்ப்பதில்லை என்று சொல்ல மனம் வராமல், நான் பார்க்கிறேன் என்றேன். நான் வருவது ஒன்பது மணிக்கு என்பது அவருக்குத் தெரியும்.

கார்த்திகையில் அவர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மாறிவிட்டார். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடம். மேலே ஏறும் வண்டிகள் அங்கே கடைகளில் நின்று டீ குடித்துவிட்டுப் போகும். அவர் அந்த வண்டிகளின் டயரைத் தட்டிப் பார்த்துச் சொல்வார். சிலர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே படுத்துக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை இருமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றதற்கு, அங்கேயும் முகவரி கேட்பார்கள், எழுதிவிட்டால் தபால் ஏதாவது வீட்டுக்குப் போய்விடும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது.

மார்கழி ஐந்தாம் தேதி காலை கடை திறக்க வந்தவர் அவரைப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. சட்டைப்பையில் ஆதார் அட்டை இருந்தது. கூடவே யார் யாரோ போன ஊர்களுக்கான பழைய பயணச்சீட்டுகள். போலீஸார் அட்டையில் இருந்த முகவரிக்குத் தகவல் சொன்னார்கள். அட்டை உறைக்குள் காப்பகத்தின் போன் எண்ணும் இருந்ததால் எனக்கும் சொன்னார்கள்.

நான் கம்பியை எடுத்துக்கொண்டு பிணவறைக்குப் போனபோது தனசேகர் முன்னாலேயே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"யாருங்க இவருக்கு?" என்று தாளை நிரப்பிய ஊழியர் கேட்டார்.

"எங்க ஊட்டு ஆளுங்க. எங்கப்பாகிட்ட இருந்தவரு. நாங்கதான் எடுக்கறோம்."

ஊழியர் அட்டையைப் பார்த்தார், தனசேகரின் அட்டையைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கதவு எண். வேறு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தனசேகர் என்னிடம் வந்தார். "மலையடிவாரத்துல எப்படிங்க இருந்தாரு? லீவு நாளுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

"கம்பெனியில சொல்லிட்டீங்களா? குவார்ட்டர்ஸ்ல அவரு சாமான் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கம்பியைக் கொடுத்தேன். "இது மட்டுந்தாங்க."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கப்பாவோட வண்டிக் கம்பிங்க," என்று சொல்லிக் காரின் பின்பக்கத்தில் வைத்தார்.

ஜேடர்பாளையத்துக்கு நானும் ஆண்டியும் போனோம். உடலைக் கார் ஷெட்டில் வைத்திருந்தார்கள். காரை வெளியே எடுத்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். நல்ல மாலை, புது வேட்டி. எந்தக் குறையும் வைக்கவில்லை. கொள்ளியும் தனசேகரே வைத்தார். ஊரார் அதைப் பெரிய மனது என்று பேசிக்கொண்டார்கள். ஆண்டி தலைமாட்டில் குனிந்து, உடலைக் கிடத்தியிருந்த பலகையை விரல் முட்டியால் ஒருமுறை தட்டினார். யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் கட்டிலுக்கு அதற்குள் வேறொருவர் வந்து, அவரும் போய்விட்டார். நேற்று ஒருவர் புதிதாக வந்தார். ஆத்தூர்ப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவராம், கை ஒன்று சரியாக வராது. பெயர், வயது எழுதினேன். முகவரிக் கட்டம் வந்ததும் அவர் வாய் திறப்பதற்குள் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மேசைமேல் குனிந்து அந்தச் சொல்லைப் படித்தார்.

"ஏம்மா, என்னைக் கேக்காமலே இல்லைன்னு எழுதுறே? எனக்கு ஊர் இல்லையா? தெரு இல்லையா? அடிச்சுட்டு ஒழுங்கா எழுது."

பேனாவை எடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார், நான் எழுதுகிறேனா என்று பார்த்தபடி.